ஒரு முள்... ஒரு நூல்... ஓர் இறகு!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கட்டுரை, வரதட்சணைக் கொடுமை பற்றி ஒரு கவிதை, நடுவில் நாலு துணுக்கு... இதுதானே வழக்கம்? "நான் மீன் பிடிக்கிறதைப் பத்தி எழுதறேண்ணே" என்று சொன்னதும் மலர்க் குழுவில் இருந்த ஃபைனல் இயர் அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுல என்னப்பா கருத்து இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது. சண்டை போடுகிற அளவுக்கே இருக்கிறது!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மண்புழுவைக் குத்தி, தக்கையைக் கட்டி, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டை பிடிக்கிற கதை இல்லை இது. (அதையும் நான் குறை சொல்லமாட்டேன். சனிக்கிழமை ஹாஸ்டல் சாம்பாரை நினைத்தால் அந்த ஜிலேபியே தெய்வம்.) இது வேறு விஷயம். தூண்டில் முள்ளின் மேல் நூலையும் இறகையும் சுற்றிச் சுற்றி, பூச்சி மாதிரியே ஒன்றைக் கையால் செய்வது. அதை நிஜப் பூச்சி வந்து உட்காருவது போல ஓடையின் மேல் உட்கார வைப்பது. மீனே நம்பி வந்து வாயைத் திறக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் இதை ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். அந்தப் பூச்சியைச் செய்வது ஃப்ளை டையிங். நம் வாய்க்கு வசதியாக 'ஈ கட்டுவது' என்று வைத்துக்கொள்வோமே. பூக் கட்டுகிறோம் இல்லையா, அது மாதிரி.

இதைப் பணக்கார வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடித்தவர்களில் பெரும்பாலோர் துரைமார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கலைக்குள் இருக்கிற மூளை பெரும்பாலும் கைவேலைக்காரர்களுடையது. அதனால் அதன் சந்தோஷத்திலும் நமக்குப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் நீலகிரியில் எமரால்டு பக்கம். அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டு. அது நம் ஊர் மீனே இல்லை, கொண்டுவந்து விட்ட மீன். 1863-ல் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் முயற்சி செய்து தோற்றுப் போனார். அப்புறம் 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வெளிநாடுகளிலிருந்து ரெயின்போ டிரவுட் முட்டைகளை வரவழைத்துப் பொரிக்க வைத்தார். அது நிலைத்துவிட்டது. தண்ணீர் சூடானால் அந்த மீன் தாங்காது. அதனால்தான் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே அதை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் தாத்தா வாலிப வயதில் எஸ்டேட் துரைகள் மீன் பிடிக்கப் போகும்போது பை தூக்கிக்கொண்டு கூடவே போனவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்த மாசம், எந்த மடுவில், சாயங்காலம் எத்தனை மணிக்கு என்ன நிறப் பூச்சி எழும் என்று கேட்டால் மடமடவென்று சொல்வார். துரை எந்த ஈயைக் கட்டலாம் என்று அவரைத்தான் கேட்பாராம். அவர் கை காட்டிய இடத்தில்தான் கயிறு விழும். மீன் மாட்டியதும் வலை போட்டு எடுப்பதும் அவரே. அப்படி ஏழெட்டு வருஷம் போயும், ஒரு தடவைகூட அந்தக் கம்பை அவர் கையில் கொடுத்து "நீ ஒரு தடவை வீசு" என்று யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. துடைத்து உறையில் போட்டதோடு சரி. அந்த நாளின் மிச்சமாக வீட்டில் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் மூன்று ஈக்கள் கிடந்தன. துருப்பிடித்த முள், பாதி உதிர்ந்த இறகு. எனக்கு ஆர்வம் வந்தது அதிலிருந்துதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இது எவ்வளவு பழசு தெரியுமா? ஏறக்குறைய 1800 வருஷங்களுக்கு முன்னால் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரை ஆட்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஆற்றின் மேல் ஒரு பூச்சி பறக்கும், மீன் அதை விரும்பித் தின்னும். ஆனால் அந்தப் பூச்சியைப் பிடித்து முள்ளில் குத்த முடியாது. கை பட்டாலே நிறம் போய்விடும், சிறகு கெட்டுவிடும். அதனால் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளை வைத்துக் கட்டினார்களாம். பிரச்சினை என்ன, கையில் என்ன பொருள் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம்... நம் டிசைன் வாத்தியார் போர்டில் எழுதுவது இதைத்தானே! அவர்களில் யாரும் டிராயிங் ஷீட்டில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் சேவல் இறகு? இங்கேதான் நம் முதலாம் ஆண்டு பிசிக்ஸ் வருகிறது. மாறுநிலைக் கோணம் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்கு அது 48.6 டிகிரி. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோனோம். மீனால் மறக்க முடியாது, ஏனென்றால் அது அதற்குள்தான் குடியிருக்கிறது. மீனின் கண்ணுக்கு மேலே சுமார் 97 டிகிரி கூம்பு வழியாகத்தான் வெளி உலகம் தெரியும். வட்டமான ஒரு ஜன்னல் மாதிரி. மீன் அரை மீட்டர் ஆழத்தில் நின்றால் மேற்பரப்பில் அந்த ஜன்னலின் விட்டம் 1.1 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் கண்ணாடி. அதில் ஓடையின் அடிக்கல்தான் தெரியும்.

இப்போது ஒரு பூச்சி மிதந்து வருகிறது. ஜன்னலுக்குள் வரும் முன்பே அதன் கால்கள் அழுத்துகிற இடத்தில் தண்ணீர்த் தோல் லேசாகக் குழிகிறது. அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகள் மின்னுகின்றன. மீன் முதலில் பார்ப்பது அதைத்தான்! சேவலின் கழுத்து இறகு விறைப்பானது. முள்ளைச் சுற்றிக் கட்டினால் அதன் இழைகள் நாலாபக்கமும் குத்திட்டு நின்று, அதே மாதிரி குழிகளைப் போடும். பெட்டைக்கோழி இறகு மெத்தென்று இருக்கும், தண்ணீரைக் குடித்து மூழ்கும். மூழ்குகிற ஈ வேண்டும் என்றால் அதைக் கட்டவேண்டும். பிரியாணிக் கடைப் பின்பக்கம் கொட்டிக் கிடக்கிற இறகில் இவ்வளவு இயற்பியல்!

அந்த நிஜப் பூச்சியின் கதையும் பரிதாபமானது. மேஃப்ளை என்று ஒரு வகை. புழுப் பருவத்தில் மாசக்கணக்கில், சில இனங்கள் வருஷக்கணக்கில், தண்ணீருக்கு அடியில் கல் இடுக்கில் வாழும். சிறகு முளைத்து மேலே வந்த பிறகு ஒரு நாள் அல்லது ஓரிரு நாள்தான் ஆயுள். அந்தப் பருவத்தில் அதற்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. சிறகு முளைத்த பிறகும் ஒரு தடவை தோலுரிக்கிற பூச்சி உலகத்திலேயே இது மட்டும்தான். ஈ கட்டுகிறவன் இதையெல்லாம் குனிந்து பார்த்தாக வேண்டும். எந்த நிறம், வால் எத்தனை, சிறகு நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா... பார்க்காமல் கட்டினால் அது அழகாக இருக்கும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

வீசுவதும் அப்படித்தான். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஈக்கு எடையே கிடையாது. பஞ்சை எவ்வளவு தூரம் எறிய முடியும்? அதனால் கயிறுக்கே எடை கொடுத்தார்கள். 5-ஆம் நம்பர் கயிறு என்றால் முதல் 30 அடி 140 கிரெய்ன் இருக்கவேண்டும் என்பது ஸ்டாண்டர்டு. அதாவது ஏறக்குறைய 9 கிராம். கம்பு ஒரு ஸ்பிரிங். பின்னால் வீசினால் கயிறு பின்பக்கம் நீளும், அது நீளும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் முன்னால் தள்ளவேண்டும். காத்திருக்காதவனுக்குக் கயிறு காதில் சுற்றும். கயிறின் நுனி போகப் போக மெலிந்துகொண்டே போகும். நம் ஊர் மாட்டுச் சாட்டை மாதிரியேதான். தடித்த பக்கத்தின் வேகம் மெல்லிய பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்து, கடைசியில் ஈ பூ விழுகிற மாதிரி விழும். மூங்கில் கம்பில் நான் பழகிப் பார்த்ததைச் சொல்கிறேன், சரியாக ஒரு வீச்சு அமைந்தால் தோளில் ஒரு பாரமும் தெரியாது. மீன் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஒரு வீச்சுக்காக மறுபடி மறுபடி வீசத் தோன்றும்.

இனி, நான் சொன்ன கட்சிக்கு என் சாட்சிகள்.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் ஏவன் என்று ஒரு ஆறு. அங்கே ஃபிராங்க் சாயர் என்று ஒரு ஆற்றுக் காவலர் இருந்தார். ராணுவ அதிகாரிகள் மீன் பிடிப்பதற்காக ஆற்றைப் பராமரிப்பது அவர் வேலை. களை வெட்டுவார், சேறு அள்ளுவார், மீனுக்குக் காவல் இருப்பார். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பலர், மிதக்கிற ஈதான் கௌரவம், மூழ்குகிற ஈ கேவலம் என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்காக 1938-ல் லண்டனில் ஒரு கிளப்பில் விவாதமே நடத்தினார்கள் என்றால் பாருங்களேன்! சாயர் விவாதத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். மீன் பெரும்பாலும் தின்பது அடியில் நீந்துகிற இளம் பூச்சியைத்தான். அது நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. அப்படியானால் ஈக்குக் கால் எதற்கு? காலை எடுத்துவிட்டார். நூல் எதற்கு? நூலையும் எடுத்துவிட்டு மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். கட்டுவதும் கம்பி, மூழ்க வைக்கிற எடையும் கம்பி, உடம்பின் மினுமினுப்பும் கம்பி. மேலே ஃபெசன்ட் கோழியின் வால் இழை. அவ்வளவுதான்! மொத்தம் இரண்டே பொருள். ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் என்று பெயர். உலகம் முழுவதும் இன்றைக்கும் அதைக் கட்டுகிறார்கள். 1958-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார் அந்தக் காவலர்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, அந்தக் கம்பி உங்கள் மோட்டார் ரீவைண்டிங் லேபில் துண்டு துண்டாகக் கிடப்பதுதான். ஒரு பாகத்தை எடுத்துவிட்டு இன்னொரு பாகத்தை மூன்று வேலை செய்ய வைப்பதற்குப் பெயர் என்ன? இதைச் செய்தவர் களை வெட்டி. இதே சாயர் இன்னொரு ஈயை, காலுறை ஓட்டை தைக்கிற கம்பளி நூலில் கட்டினார். சாட்விக்ஸ் 477 என்று அந்த நூலுக்கு நம்பர். கம்பெனி அதை நிறுத்திய பிறகு, மீன்பிடிக்காரர்கள் பழைய அட்டைகளைத் தேடித் தேடி விலை கொடுத்து வாங்கினார்கள். காலுறை தைக்கிற நூலுக்கு அப்படி ஒரு யோகம்!

இன்னொரு சாட்சி ஸ்காட்லாந்தில் புரோரா ஊர்ப் பக்கம் வாழ்ந்த மேகன் பாய்டு அம்மையார். அப்பாவுக்கு ஆற்றுக் காவல் வேலை. பன்னிரண்டு வயது வாக்கில் பக்கத்து வேட்டைக் காவலர் ஒருவர் இவருக்கு ஈ கட்டச் சொல்லிக் கொடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டிய ஈயைக் கொடுத்து, பிரித்துப் பார், பிரித்ததையே வைத்து மறுபடி சின்ன முள்ளில் கட்டு என்றாராம். (எஞ்சின் ஓவர்ஹாலிங்கில் நாம் செய்வதும் இதுதான். என்ன, நமக்குக் கடைசியில் இரண்டு நட்டு மிஞ்சும்.) கரண்ட் இல்லாத ஒரு குடிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்து வாழ்நாள் முழுவதும் கட்டினார். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆர்டர் வரும். 1971-ல் ராணியின் பதக்கம் அறிவித்தார்கள். நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று விழாவுக்குப் போகவில்லை! பிறகு இளவரசர் சார்லஸ் கொண்டுவந்து கொடுத்தார். 2001-ல் காலமானார். கவனியுங்கள், இத்தனை ஆயிரம் ஈ கட்டியவர் தன் வாழ்நாளில் ஒரு மீன்கூட ஈ வைத்துப் பிடித்ததில்லை. மீனைக் கொல்ல மனசு வரவில்லையாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது அமெரிக்காவின் மேரி ஆர்விஸ் மார்பரியையும் விட்டுவிடக் கூடாது. ஒரே பெயரில் ஊருக்கு ஒரு மாதிரி ஈ விற்றுக்கொண்டிருந்த காலத்தில், பெண்களை மட்டுமே வைத்து ஒரு பட்டறை நடத்தி, இன்ன பெயருக்கு இன்ன இறகு, இன்ன நூல் என்று ஒழுங்குபடுத்தினார். 1892-ல் வண்ணப் படங்களோடு பெரிய புத்தகம் போட்டார். நாம் படிக்கிற ஸ்டாண்டர்டைசேஷன் பாடம்தான்.

இதன் கறுப்புப் பக்கத்தையும் சொல்லவேண்டும். சால்மன் மீனுக்கென்று விக்டோரியா காலத்தில் கட்டிய ஈக்கள் வேறு ரகம். உலகத்தில் உள்ள அபூர்வப் பறவை இறகெல்லாம் அதில் இருக்கும். இத்தனைக்கும் முட்டையிட ஆற்றுக்குள் வரும் சால்மன் இரையே எடுப்பதில்லை என்று சொல்லலாம். ஏன் ஈயைக் கவ்வுகிறது என்பதே புதிர். அப்புறம் அந்த இறகு எதற்கு? மனுஷன் கண்ணுக்கு! அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2009-ல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்துக்குள் ஜன்னல் வழியாக நுழைந்து, பதப்படுத்தி வைத்திருந்த 299 பறவைகளை ஓர் இசைக் கல்லூரி மாணவர் திருடிவிட்டார். நம்மைவிட ஓரிரண்டு வயதுதான் மூத்தவர். அவரும் ஈ கட்டுவதில் கெட்டிக்காரர். ஆராய்ச்சிக்காக நூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வைத்த பறவைகளின் இறகைப் பிய்த்து விற்றார்கள். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பொருளைத் தேடிப் போகிறவன் கைவேலைக்காரனே இல்லை. சாயருக்குக் காலுறை நூல் போதுமாக இருந்தது.

இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. ஐரோப்பா, அமெரிக்காக் கடைகளில் விற்கிற ஈக்களில் ஏராளமானவை கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளில் கட்டப்படுபவை. டஜன் டஜனாக. கட்டுகிற பெண்களில் பலர் டிரவுட் மீனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். என் தாத்தா கம்பைத் துடைத்ததும் இதுவும் ஒன்றுதானே? செய்கிறவன் ஒருவன், ரசிக்கிறவன் இன்னொருவன்!

என் ரூம் மேட் ஒரு கேள்வி கேட்டான். "டேய், நம்ம ஊர்ல பசிக்கு மீன் புடிக்கிறான். நீ விளையாட்டுக்கு ஒரு ஜீவனைக் குத்துறது பாவம் இல்லையா?" நியாயமான கேள்வி. முள்ளின் கொடுக்கை அரத்தால் ராவிவிட்டால், ஈரக் கையால் பிடித்து உடனே விட்டால், பெரும்பாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் அதற்கு வலியே இல்லை என்று நான் வாதாடமாட்டேன். தின்பதற்கு ஒன்றிரண்டு பிடிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுவது சரியாகப் படவில்லை. மேகன் அம்மையார் மாதிரி கட்டுவதோடு நிறுத்திக்கொண்டாலும் பாதி சந்தோஷத்துக்கு மேல் கிடைத்துவிடும்.

அந்தப் பாதி சந்தோஷம்தான் எனக்கு முக்கியம். காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கொழுந்து கிள்ளப் போகிறவர். விரலெல்லாம் கறை. "நீயாச்சும் கை கறுக்காத வேலைக்குப் போகணும்டா" என்று சொல்லித்தான் படிக்க வைக்கிறார். முதல் வருஷம் ஃபிட்டிங்கில் அரம் போட்டு உள்ளங்கை கொப்பளித்து, நகக்கண்ணில் கிரீஸோடு லீவுக்குப் போனேன். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மா அழுதுவிட்டார். "இதுக்கா படிக்க அனுப்பினேன்?" என் மாமா வேறு, "டிப்ளமாதானே, ஸ்பேனர் புடிக்கிற படிப்பு" என்று எண்ணெய் ஊற்றினார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே வசனம் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது வருகிறது. கை கறுப்பது கேவலம் இல்லை அம்மா. கை மட்டும் கறுத்து, கண்ணுக்கும் மூளைக்கும் அங்கே வேலை இல்லாமல் போனால்தான் கேவலம். இரண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்க்காமலே உன் விரல் பிரித்து எடுக்கிறதே, அதற்கு மார்க் போட ஆள் இல்லை என்பதால் அது படிப்பு இல்லை என்று ஆகிவிடுமா? தீபாவளி லீவில் அம்மாவிடம் முள்ளையும் நூலையும் கொடுத்தேன். எனக்குப் பத்துத் தடவை அறுந்த நூல் அவருக்கு ஒரு தடவைகூட அறுபடவில்லை. நூல் அறுந்துபோவதற்கு ஒரு மயிரிழை முன்பு வரை இழுத்துப் பிடிக்கவேண்டும். அந்த இழுவிசையை எந்த மீட்டரும் காட்டாது, விரல்தான் சொல்லவேண்டும். "இதை வச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ண மாட்டேம்மா, சும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொன்று கட்டினார். எங்கள் வீட்டில் யாரும் 'சும்மா' ஒரு வேலை செய்து நான் அதுவரை பார்த்ததில்லை.

செலவு அதிகம் என்பவர்களுக்கு: வெளிநாட்டுக் கம்பும் கயிறும் நம் பட்ஜெட்டில் வராதுதான். ஆனால் கட்டுவதற்கு என்ன வேண்டும்? முள், தையல் நூல், கோழி இறகு, மோட்டார்க் கம்பி, அம்மாவின் நெயில் பாலிஷ். முள் வாங்கும்போது கவனம், நம்பர் ஏற ஏற முள் சிறிசாகும், நம் எஸ்.டபிள்யூ.ஜி. கம்பி கேஜ் மாதிரி. பழகுவதற்கு 10-ஆம் நம்பர் போதும். எடுத்ததும் 16-க்குப் போகாதீர்கள், கண் பிதுங்கிவிடும். முள்ளைப் பிடிக்க ஹேண்ட் வைஸ் போதும், தாடையில் துணி வைத்து இறுக்குங்கள். டிரவுட்டுக்கு மலைக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. குளத்துச் சின்னக் கெண்டைகளும் ஜிலேபியும் மேலே விழுகிற பூச்சியைக் கவ்வும். (மலை ஓடைக்குப் போகிறவர்கள் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். அங்கே யானை இருக்கிறது, அதற்கு ஈயெல்லாம் தெரியாது.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து நிழலில்தான் கட்டிக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் வரலாம். முள்ளும் கம்பியும் என்னிடம் இருக்கின்றன. இறகு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். சேவல் கழுத்து இறகாகப் பார்த்து!